காட் எழுத்து: கலை என்றால் வரவேற்போம், கட்டாயம் என்றால் எதிர்ப்போம்!



2019ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கல்வி அமைச்சு நம் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் 2020 முதல் 'காட்' எனும் அரபுச் சித்திர எழுத்து சேர்க்கப்படும் என்ற செய்தி அது. பெற்றோரைக் கேட்டார்களா? இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டார்களா? அதுவும் இல்லை. பாடத்திட்டம் முந்தைய ஆட்சியிலேயே தயாரானது என்று பதில் வந்தது. முந்தைய ஆட்சியின் தவறைத் திருத்தத்தானே 2018இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள்?

எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சு நிறம் மாறத் தொடங்கியது. ஆறு பக்கம் மூன்று பக்கமானது. 'காட்' என்ற பெயர் 'ஜாவி அறிமுகம்' ஆனது. கற்பிப்பதா வேண்டாமா என்பது ஆசிரியர் விருப்பம் என்றார்கள். பிறகு பெற்றோர் விருப்பம் என்றார்கள். டிசம்பர் 28ஆம் தேதி சீனக் கல்வி இயக்கமான டோங் ஜியாவ் சோங் கூட்டவிருந்த மாநாட்டைக் காவல்துறை நீதிமன்ற ஆணை பெற்று நிறுத்தியது. 2020 ஜனவரியில் கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் பதவி விலகினார். அமைச்சர் போனார், கேள்வி போகவில்லை. நம் பிள்ளைகளின் புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

எழுத்து நமக்கு எதிரி அல்ல

முதலில் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. "ஜாவி படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும்" என்று மேடையில் முழங்கியவர்கள் உண்டு. இது நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் அவமானம். மூன்று பக்க எழுத்தில் கரைந்துபோகும் அளவுக்கா நம் சமயம் பலவீனமாக இருக்கிறது? அரபு நாட்டுக் கிறிஸ்தவர்கள் இதே எழுத்தில்தான் விவிலியம் படிக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

ஜாவி வேறு, காட் வேறு. ஜாவி என்பது மலாய்மொழியை எழுத, அரபு எழுத்தோடு 'ச', 'ங', 'ப', 'க', 'ஞ' போன்ற ஒலிகளுக்குப் புது எழுத்துகளைச் சேர்த்து உருவான முறை. காட் என்பது அந்த எழுத்தை அளவோடும் அழகோடும் தீட்டும் கலை. இந்த வேறுபாடே தெரியாமல்தான் அமைச்சு பெயரை மாற்றி மாற்றி வைத்தது.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் தமிழ் முஸ்லிம்கள், ஜாவியைப் போலவே அரபு எழுத்தில் புதுக் குறிகளைச் சேர்த்துத் தமிழை எழுதினார்கள். அதுதான் அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அந்த எழுத்தில் நூல்கள் செய்தவர். நம் மூவாருக்கு அருகிலேயே, மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா (1796-1854) அரபு, தமிழ் வம்சாவளியினர், தமிழும் கற்றவர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்களே, அவரேதான். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜாவிப் பத்திரிகையான 'ஜாவி பெரானாக்கான்', இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் நடத்தியது. ஜாவியின் வரலாற்றில் தமிழன் கையும் இருக்கிறது. இதை அந்த மூன்று பக்கத்தில் சொன்னார்களா?

பிறகு ஏன் இந்த அச்சம்?

அச்சம் எழுத்தைப் பார்த்து வந்ததல்ல. 2007 அக்டோபரில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தபோது வந்தது. 2009இல் தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டபோது வந்தது. அந்தத் தாய் இந்திரா காந்தி, அந்த மதமாற்றம் செல்லாது என்ற தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றத்தில் பெற 2018 ஜனவரி 29 வரை போராட வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகள்! இத்தனையும் பார்த்த சமூகத்திடம் கேட்காமல் பாடநூலை மாற்றிவிட்டு, "ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?" என்று கேட்பது என்ன நியாயம்? நம்பிக்கையை உடைத்தவர்கள்தான் அதைக் கட்டியெழுப்ப வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 12(3)ஆவது விதி, தன் சமயம் அல்லாத வேறு சமயத்தின் போதனையைப் பெறும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் முடிவு செய்வார் என்கிறது 12(4). 1963/67 தேசியமொழிச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி தேசியமொழியின் எழுத்து ரூமி. ஜாவியைப் பயன்படுத்தத் தடையில்லை என்று மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. தடையில்லை என்பதற்குக் கட்டாயம் என்று பொருள் கிடையாது.

காட் மதமல்ல, கலை என்கிறது அரசாங்கம். சரி, ஏற்றுக்கொள்வோம். அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. பயிற்சித் தாளில் பிள்ளை எழுதுவது என்ன? தன் பெயரையா, ஒரு மலாய்ப் பழமொழியையா, அல்லது வேத வசனத்தையா? பெயரும் பழமொழியும் கலை. வேத வசனம் என்றால் பெற்றோரைக் கேட்டே ஆக வேண்டும்.

2019 இறுதியில் கொண்டுவந்த முறையோ இன்னும் மோசம். பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதித்தால் பள்ளியில் கற்பிக்கலாம் என்றார்கள். என் பிள்ளை விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதா? உரிமை தலைக்குத் தலை உள்ளது. கை தூக்கி எண்ணுவதல்ல. மூவார் வட்டாரத்தில் தளவாடத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் தாய் தகப்பன், வேலை நாளில் வைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எப்படிப் போவார்கள்? பிள்ளையின் பையில் வரும் மலாய்மொழிக் கடிதத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். இதற்குப் பெயர் சம்மதமா?

கற்பிப்பதானால் ஒழுங்காகக் கற்பியுங்கள்!

பத்து வயதுப் பிள்ளை ஏற்கனவே மூன்று மொழியோடும் இரண்டு எழுத்தோடும் மல்லுக்கட்டுகிறது. அதன்மேல் மூன்று பக்கம். அதுவும் ஜாவியே கற்றிராத ஆசிரியர்களைக் கொண்டு! இதில் கலை எங்கே இருக்கிறது?

காட் கலை ஆழமானது. பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தில் இப்னு முக்லா அதற்கு அளவு வகுத்தார். சாய்வாக வெட்டிய நாணற்பேனாவை ஒருமுறை அழுத்தினால் விழும் புள்ளிதான் அளவுகோல். 'அலிஃப்' எழுத்தின் உயரம் இத்தனை புள்ளி என்று கணக்கு. நஸ்க், துலுத், ருக்ஆ என ஒவ்வொரு பாணிக்கும் தனி இலக்கணம். இஸ்லாமியக் கலையின் நட்சத்திர வடிவங்கள், கவராயமும் அடிகோலும் கொண்டு ஒரு வட்டத்தை ஆறாகவும் எட்டாகவும் பிரித்து வரைபவை. புள்ளி வைத்துக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளை இதை எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்வாள்! பதின்மூன்று, பதினான்கு வயதில், விரும்பி வரும் மாணவனுக்குத் தேர்ந்த கலைஞர் ஒருவர் கற்றுக் கொடுத்தால் அது கணிதமும் கைத்திறனும் ஆகும். நாளை அவன் எழுத்து வடிவமைப்பாளனாகவும் வரலாம்.

ஆனால் ஒருவழிப் பாதை வேண்டாம். மற்றவர் எழுத்தை நாம் கற்க வேண்டுமென்றால் நம் எழுத்தை அவர்களும் அறியட்டும். கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த பல்லவ எழுத்துக் கல்வெட்டுகள், பழைய ஜாவிச் சான்றான திரங்கானு கல்வெட்டுக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. தேசியப் பள்ளிப் பாடநூலில் தமிழ் எழுத்துக்கு எத்தனை பக்கம்?

நமது கோரிக்கைகள்:

1. காட் கலையை இடைநிலைப்பள்ளியில், படிவம் ஒன்று முதல், விருப்பக் கலையாக, தேர்ந்த கலைஞரைக் கொண்டு கற்பிக்க வேண்டும். ஆரம்பப்பள்ளி மொழிப் பாடநூலில் திணிக்கக் கூடாது.

2. ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாக எழுத்துப்பூர்வச் சம்மதம் பெற வேண்டும். சம்மதக் கடிதம் தமிழிலும் இருக்க வேண்டும்.

3. முஸ்லிம் அல்லாத மாணவருக்கான பயிற்சியில் சமய வாசகம் இருக்கக் கூடாது.

4. தமிழ் எழுத்துக் கலை, சீனத் தூரிகை எழுத்து, காட் ஆகிய மூன்றையும் எல்லாப் பள்ளிகளிலும் சமமாக அறிமுகப்படுத்த வேண்டும்.

தமிழ்ப்பள்ளியே சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டவர்களுக்கு 2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பதில் சொல்லிவிட்டன. பள்ளி நிற்கும். பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பது நம் வேலை. பிள்ளையின் பையில் வரும் கடிதத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்!