களமும் கிளப்பும் மக்களுக்கே: வடசென்னைக் கால்பந்து இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பந்து ஆடுகிறவர்களும், ஆடி ஓய்ந்தவர்களும், ஆடும் பிள்ளைகளைப் பெற்றவர்களும், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்துகிறவர்களும் கூடி இதை அறிவிக்கிறோம்.

எங்கள் வேர்

கால்பந்து உழைப்பாளிகள் வளர்த்த ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டை 1878-இல் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். அர்செனல் 1886-இல் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ட் ஹாமின் முன்னோடி அணி 1895-இல் தேம்ஸ் கரையின் கப்பல் பட்டறையில் உருவானது. இங்கேயும் துறைமுகம், ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கிகள் எல்லாம் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடியவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பமே கரையேறியது.

நடந்தது என்ன

ஐரோப்பாவில் முதலாளிகள் வந்தார்கள். 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கடன்பணத்தில் வாங்கியவர்கள், அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். 2008-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு அபுதாபிப் பணமும், 2011-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மனுக்குக் கத்தார் பணமும் வந்தன. 2017-இல் நெய்மார் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு பாரிஸ் கொடுத்தது 22.2 கோடி யூரோ. அவ்வளவு பணம் இல்லாத ஊர்க்காரர்கள் எந்த நம்பிக்கையில் ஒரு பருவத்தைத் தொடங்குவார்கள்?

2021 ஏப்ரல் 18 அன்று 12 பெரிய கிளப்புகள், தொடங்கியவர்கள் ஒருபோதும் கீழிறங்காத ஒரு தனி லீகை அறிவித்தன. இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின.

ஐரோப்பா விரட்டியடித்தது போன்ற ஒரு மூடிய லீகை நாம் 2014 முதல் பல ஆண்டுகள் பார்த்தோம். அதன் பெயர் இந்தியன் சூப்பர் லீக், சுருக்கமாக ஐ.எஸ்.எல். அங்கே இடம் விலைக்குக் கிடைத்தது, வெற்றிக்குக் கிடைக்கவில்லை. மற்றொரு தேசிய லீகான ஐ-லீகில் 2018-19 பருவத்தில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது சென்னை சிட்டி அணி. ஆனால் அங்கிருந்து ஐ.எஸ்.எல்.-க்கு ஏறப் படி இல்லை. 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்த அணியே இல்லை. ஐ-லீகை வென்று மேலே போகும் வழி 2023-இல் பஞ்சாப் அணிக்குத்தான் முதலில் திறந்தது.

2010-இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வணிக உரிமையை 15 ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்தின் கையில் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு கையெழுத்தை நம்பி ஒரு நாட்டின் ஆட்டம் தொங்கியது.

எங்கள் கொள்கைகள்

1. ஏற்றமும் இறக்கமும் கோல்களால் மட்டுமே. சென்னை லீகின் கடைசி டிவிஷனிலிருந்து நாட்டின் முதல் லீக் வரை படி திறந்திருக்க வேண்டும்.

2. கிளப்பில் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களுக்கே. ஜெர்மனியில் 50+1 விதி இதைத்தான் சொல்கிறது. முதலீடு வரட்டும், முடிவெடுக்கும் உரிமை அதோடு போகக் கூடாது.

3. வருமானம் பகிரப்பட வேண்டும். அதே ஜெர்மனியில் பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை சாம்பியன் ஆனது. வாக்குரிமை மட்டும் போட்டியைச் சமமாக்காது; ஒளிபரப்புப் பணம் கடைசி அணிவரை வர வேண்டும்.

4. வளர்த்தவர்களுக்குப் பங்கு. சர்வதேச மாற்றங்களில், 12 முதல் 23 வயதுவரை பயிற்சி தந்த கிளப்புகளுக்கு மாற்றுத் தொகையில் 5 சதவீதம் சேர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் ஒடிசாவுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இந்தியாவுக்கும் ஆடினார். நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளை உருவாக்கிய தெரு அணிகளுக்கு அந்தப் பங்கு வேண்டும்.

5. திடல் பொதுச்சொத்து. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, 9 செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு எழுந்ததும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மீன் ஏலத்திலும் லோடு வேலையிலும் பிழைக்கும் வீட்டுப் பிள்ளை அந்தக் காசுக்கு எங்கே போவான்? இனி எந்தப் பெயரில் வந்தாலும் அந்தக் கட்டணத்தை ஏற்க மாட்டோம்.

எங்கள் உறுதி

மற்றவர்களிடம் கேட்பதை முதலில் எங்களுக்கே விதித்துக்கொள்கிறோம். ஒருவருக்கு ஒரு வாக்கு. நன்கொடை எவ்வளவு பெரிதானாலும் இரண்டாவது வாக்கு கிடையாது. ஜெர்சியில் விளம்பரம் போடலாம். அணியின் பெயரும் நிறமும் உறுப்பினர்கள் வாக்களிக்காமல் மாறாது. பெண் பிள்ளைகளுக்கும் அதே திடல், அதே நேரம், அதே கோச். வரவும் செலவும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

1918-இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வடசென்னை ஆலைத் தொழிலாளர்கள் கட்டினார்கள். உழைக்கிறவனுக்குத் தன் உழைப்பில் சொல் உண்டு என்று அன்று நிலைநாட்டினார்கள். ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் தன் ஆட்டத்தில் சொல் உண்டு என்று நாங்கள் நிலைநாட்டுவோம். தெரு அணிகளே, கோச்சுகளே, தாய்மார்களே, உறுப்பினராகச் சேருங்கள். உங்கள் வாக்கைக் கையில் எடுங்கள்.