பிராய்லர் கோழியும் எலைசா சாட்சியும்

நைனார்பாளையம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது: "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்க. இல்லாட்டி நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படி வரும்?" பழைய பேச்சுதான். இப்போது அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: "லேப்ல கிட் வச்சே பாத்துட்டாங்க, வளர்ச்சிக் காரணி இருக்குதாம்." முதலில் இந்த வாலைப் பார்ப்போம்.

கிட் என்பது எலைசா பெட்டி. 1971-ல் சுவீடனைச் சேர்ந்த எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட முறை. 96 சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசியிருக்கும். கோழி இரத்தத்தின் சீரத்தை அதில் விட்டு, கழுவி, நொதி ஒட்டிய இன்னொரு எதிர்ப்பொருளையும் நிறமியையும் சேர்த்தால் குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி படித்து எண்ணாகத் தருகிறது. இங்கே பேசப்படும் வளர்ச்சிக் காரணி ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதம். எழுபது அமினோ அமிலங்கள் கொண்டது. இரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு கல்லீரலில் சுரப்பது.

"இருக்குதாம்" என்றால், ஆமாம், இருக்கிறது. குப்பையைக் கிளறித் திரியும் நாட்டுக்கோழிக்கும் இருக்கிறது, கல்வராயன் மலையில் மேயும் வெள்ளாட்டுக்கும் இருக்கிறது, கறி வாங்க வந்தவருக்கும் இருக்கிறது. அது இல்லாமல் எந்தக் குஞ்சும் வளராது.

சரி, அளவு கூடுதலாக இருந்தால்? இங்கேதான் கிட்டை நம்புகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஐ.ஜி.எஃப்-1 இரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. கிட்டத்தட்ட முழுவதும் பிணைப்புப் புரதங்களைப் பிடித்துக்கொண்டே ஓடும். அமிலம் சேர்த்து அவற்றைப் பிரித்தெடுத்த பிறகே அளக்க வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் ஒரே சீரத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் சொல்லும். அடுத்தது எந்த விலங்கின் கிட் என்ற கேள்வி. மனிதன், மாடு, பன்றி மூன்றுக்கும் இந்தப் புரதம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மனிதக் கிட்டில் மாட்டுச் சீரத்தை அளப்பதிலாவது ஓர் அர்த்தம் உண்டு. கோழியின் புரதமோ எட்டு இடங்களில் மாறுபடுகிறது. மனிதப் புரதத்தைப் பிடிக்கச் செய்த எதிர்ப்பொருள் கோழியினுடையதை அரைகுறையாகப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பெட்டியின் மேல் கோழிப் படம் இருப்பது போதாது. சீரத்தைப் பாதி, கால் என்று நீர்க்க நீர்க்க எண்ணும் அதே விகிதத்தில் இறங்குகிறதா, தெரிந்த அளவு சேர்த்தால் அதே அளவு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட கிட்டுகள் பலவற்றில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சடித்தே இருக்கும். அந்த வரியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

எல்லாம் சரியாக நடந்து எண்ணும் சரியாகவே வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண் ஊசிக்குச் சாட்சி ஆகாது. வயது, இனம், தீனி ஒவ்வொன்றுக்கும் அது ஏறி இறங்கும்; ஒருநாள் பட்டினி போட்டாலே சரியும். கோழி தானே சுரந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல எதிர்ப்பொருளுக்குத் தெரியாது. இன்னொன்று: ஊசியில் ஏற்றுவதாகச் சொல்லப்படும் வளர்ச்சி ஹார்மோனே, வேகமாக வளரும் கறிக்கோழியைவிட, மெதுவாக வளரும் முட்டைக்கோழி இனத்தின் இரத்தத்தில்தான் கூடுதலாக இருந்ததாகக் கண்ட ஆய்வுகளும் உண்டு.

"அப்படின்னா ரெண்டு கிலோ எப்படி வருது?" நியாயமான கேள்வி. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி இனங்களை ஒன்றாக வைத்து, ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. 56-ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். மூன்றுக்கும் தீனி ஒன்று, இனம் மட்டுமே வேறு. தலைமுறை தலைமுறையாகப் பெருத்ததையே பொறுக்கி இனம் சேர்த்ததன் பலன் இது. நம் சின்னசேலம் வட்டாரத்து மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மீதி வேலையைச் செய்கின்றன.

"ஊசி போடுறதை நானே பாத்தேன்" என்பவரும் பொய் சொல்லவில்லை. குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே மேரெக்ஸ் நோய்க்குக் கழுத்தில் தடுப்பூசி போடுகிறார்கள். கொட்டகைக்கு வந்தபின் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு, கம்போரோவுக்குக் குடிதண்ணீரில் மருந்து. வளர்ச்சி ஹார்மோன் புரதம் என்பதால் தீனியில் கலந்தால் இரைப்பையிலேயே செரித்துவிடும். ஊசியாக, அதுவும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐயாயிரம் கோழியைத் தினமும் பிடித்துக் குத்த ஆள் யார், கூலி யார் தருவது? கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக் கூலி வாங்கும் பண்ணைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். போதாக்குறைக்குக் கறிக்கோழிக்கு அதைப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளிலேயே பெரிய பலன் கிடைக்கவில்லை.

இந்தச் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்காவில் டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் புதைத்தார்கள். 1959-ல் அது நின்றது. மாட்டுக்கான செயற்கை வளர்ச்சி ஹார்மோனுக்கு அங்கே 1993-ல் அனுமதி கிடைத்தது. அதன் புரதத்தின் தொடக்கத்தில் மெத்தியோனின் இருப்பதால், நிறை நிறமாலைக் கருவியில் அதை இயற்கையானதிலிருந்து பிரித்தறிய முடியும். சாட்சி வேண்டுமென்றால் அந்த மாதிரி வேண்டும்.

பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் இந்தக் கிட் முடிவையே காட்டுகிறார்கள். ஐ.ஜி.எஃப்-1 கிட் ஈஸ்ட்ரோஜனை அளப்பதே இல்லை. அதைக் காட்டி இதைச் சொல்ல வழியில்லை. கறியிலுள்ள ஐ.ஜி.எஃப்-1 குழம்பில் வெந்து வயிற்றில் செரிக்கும் புரதம், அவ்வளவே.

கோழிப் பண்ணைக்கு நான் நற்சான்று எழுதவில்லை. ஆண்டிபயாடிக் விவகாரம் உண்மை. தீனியில் கலந்துவந்த கோலிஸ்டினை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. குளோராம்பெனிகாலும் நைட்ரோபியூரானும் உணவு விலங்குகளுக்குக் கூடாதவை; இறைச்சியில் அவற்றின் எச்சத்தைத் தேடவும் எலைசா கிட்டுகள் உண்டு. கோழியின் உடல் இவற்றைத் தானாகச் சுரக்காது. ஆகவே அங்கே குழி காட்டி, உறுதிச் சோதனையும் ஆமென்றால், அந்த மருந்து வெளியிலிருந்து வந்தது என்று பொருள். கறிக்கடை வரிசையில் கேட்க வேண்டியது அந்தச் சோதனையைத்தான்.