மூலதனம் மாறியது, தலைமையும் மாறியது

சென்னையில் தொழில் தொடங்குவோருக்கு மூலதனம் என்றால் ஒரு காலத்தில் கடன்தான். 1958-இல் உருவான கிண்டி தொழிற்பேட்டைக் காலத்துச் சிறு உற்பத்தியாளர்கள் வங்கிகளையும், 1949-இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொழில் முதலீட்டுக் கழகத்தையும் நம்பியிருந்தனர். நிலம், கட்டடம், இயந்திரம் என ஈடு காட்ட வேண்டியிருந்தது. தவணை தவறாதவரை நிர்வாகம் முதலாளியின் கையிலேயே இருந்தது.

மென்பொருள் தொழிலில் ஈடு காட்டச் சொத்து இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது துணிகர மூலதனம். நிதி நிறுவனங்களான ஐசிஐசிஐயும் யுடிஐயும் 1988-இல் இதற்கெனத் தனி நிறுவனம் தொடங்கின; 1996-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிகளை வகுத்தது. இதில் வட்டியும் தவணையும் கிடையாது. பதிலுக்கு முதலீட்டாளர் பங்கும், பெரும்பாலும் இயக்குநர் குழுவில் இடமும் பெறுகிறார். ஒரு துணிகர நிதியத்தின் ஆயுள் பொதுவாகப் பத்தாண்டு. அதற்குள் பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்தாக வேண்டும். பல நிறுவனங்கள் தோற்றாலும் ஒன்றிரண்டு பன்மடங்கு வளர்ந்து ஈடுகட்ட வேண்டும். எனவே நிறுவனர் மீது விழும் முதல் நெருக்கடி, வளர்ச்சியின் வேகம்.

மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்வொர்க்ஸ் இந்தப் பாதையில் சென்றது. மற்றொரு மென்பொருள் நிறுவனமான ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-இல் அதைத் தொடங்கினர். 2011-இல் துணிகர முதலீட்டு நிறுவனமான ஆக்செல் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. 2021 செப்டம்பரில் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்களாயினர். 2024-இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பு கிரீஷிடமிருந்து டென்னிஸ் வுட்சைடிடம் சென்றது. கிரீஷோ டுகெதர் நிதியத்தின் வழியே தாமே முதலீட்டாளராகியிருந்தார்.

ஜோஹோவின் வழி வேறு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம் துணிகர மூலதனத்தை நாடாமல் வளர்ந்தது. கல்லூரிப் பட்டம் கேட்காமல் மாணவர்களைப் பயிற்றுவிப்பதும், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துவதும் பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் முயற்சிகள். வெளியார் கெடு இல்லாததால் அந்த அவகாசம் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவுக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் 2022-இல் வட்டி உயர்ந்ததும் உலகெங்கும் துணிகர முதலீடு சுருங்கியது. வளர்ச்சியை மட்டும் பார்த்த முதலீட்டாளர்கள் லாபத்தையும் கேட்கத் தொடங்கினர். அன்று ஈட்டின் பேரில் கடன் கொடுத்த மாநில அரசே இன்று டான்சீட் திட்டத்தில் சிறு பங்குக்கு ஈடாகத் தொடக்க நிதி தருகிறது. இப்போது நிறுவனர் முன் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதற்கு முன்பே, அது எவ்வளவு காலம் காத்திருக்கும் என்று அவர் கேட்டாக வேண்டும். ஆய்வுக்கும் ஆள் வளர்ப்புக்கும் நீண்ட காலம் தேவைப்படும் தொழிலுக்கு, அவசரப் பணம் பெரும் சுமையாகிவிடும்.