சாலையும் ஒரு கரையே!

புறநகர் ஒன்று வளரத் தொடங்கினால் முதலில் எழும் குரல், "சாலையை நீட்டுங்கள்!" என்பதுதான். நியாயமான குரலே. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பஸ் போக வழி வேண்டாமா? எனவே சாலை தேவையா என்பதன்று என் கேள்வி. வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுக்கும்போது வண்டிகளை எண்ணுகிறோம், தண்ணீரைக் கணக்கிடுகிறோமா?

தாழ்வான நிலத்தில் பெரும்பாலும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல்தான் சாலை போடுகிறார்கள். ஏரிக்கரைக்கும் அந்த மேட்டிற்கும் என்ன வேறுபாடு? ஒரு பக்கத்து மழைநீர் மறுபக்கம் செல்ல, அடியிலுள்ள சிறுபாலங்களைத் தவிர வேறு வழியில்லை.

சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கிறது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலை இச்சதுப்பின் குறுக்கே செல்கிறது. இவ்வட்டாரத்தில் கட்டடங்களும் பெருகின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னைப் புறநகர்கள் பல நீரில் மூழ்கின. அதற்குக் காரணங்கள் பல. பழியனைத்தையும் ஒரு சாலையின் தலையில் சுமத்துவது அறிவியலாகாது. ஆயினும் ஒரு சாலை நீரை எப்படித் தேக்கக்கூடும் என்பதை உங்கள் இயற்பியல் பாடமே சொல்லும்.

சிறுபாலத்தின் வழியே ஒரு விநாடியில் செல்லும் நீரின் கன அளவு, திறப்பின் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும். அவ்வேகத்தைத் தருவது இருபுறத்து நீர்மட்டங்களின் வேறுபாடு. வேகத்தின் வர்க்கம் இம்மட்ட வேறுபாட்டிற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். இப்போது திறப்பில் பாதியைக் குப்பை அடைத்துக்கொண்டது என வைத்துக்கொள்வோம். அதே அளவு நீர் வெளியேற வேகம் 2 மடங்காக வேண்டும். அதற்கு மட்ட வேறுபாடு 4 மடங்காக வேண்டும்! 10 செ.மீ. ஆக இருந்தது 40 செ.மீ. ஆகும். வாசற்படியோடு நின்றிருக்க வேண்டிய நீர் வீட்டிற்குள் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர் நீர் சேரும். மண்ணும் குட்டைகளும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட்டும் தாரும் வாங்கிக்கொள்ளா. புதிய சாலையோ வீடுகளையும் கடைகளையும் அழைத்து வருகிறது. ஆகவே இன்றைய நீர்வரத்துக்கு அமைத்த சிறுபாலம் நாளை போதாது. வரத்து இரு மடங்கானாலும் மட்ட வேறுபாடு அதே 4 மடங்குதான்.

என் கருத்து இதுதான்: புறநகர் முழுவதும் கட்டி முடிந்தபின் எவ்வளவு நீர் வருமோ, அதற்கேற்பத் திறப்புகளை அமைக்க வேண்டும். சதுப்பு நிலத்தைக் கடந்தே ஆகவேண்டுமானால் மண்மேடு கூடாது; தூண்கள்மேல் பாலமாகச் செல்லட்டும். செலவு மிகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் இன்று மிச்சம் பிடிக்கும் பணத்தை நாளை யார் கட்டுகிறார்கள்? கரைக்கு மேற்புறத்தில், தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள்! பாயும் அரிசியும் பாடப் புத்தகமும் நனைவது அவர்கள் வீட்டில்தான்.

மாணவ நண்பர்களே! அடுத்த பெருமழை விட்டபின், பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சாலைக்குச் செல்லுங்கள். நீரில் இறங்காமல், சிறுபாலத்தின் இருபுறமும் நீர்மட்டம் எப்படி உள்ளது என்று நோக்குங்கள். வேறுபாட்டைத் தேதியிட்டு நோட்டில் குறித்து வையுங்கள். நாளை உங்கள் ஊரில் புதிய சாலைக்குத் திட்டமிடும்போது அந்த நோட்டும் ஒரு சாட்சியாகட்டும்.