மீனை இனங்காணல்

தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆயினும் கடல்மீன் ஒன்றை இனங்காணும் முறையை ஒகேனக்கல் மாணவனும் கற்றல் வேண்டும் என்பேன்.

வெப்பக் கடலோரப் பவளப் பாறைகளில் சாண் நீளத்திற்கு மேற்படாத மீன் ஒன்று திரிகின்றது. மன்னார் வளைகுடாவிலும் அதனைக் காணலாம். வெள்ளிய உடல், மஞ்சள் முதுகு, மேலிருந்து கீழாக ஐந்து கரும்பட்டைகள். இதனையொத்த வேறொரு மீனுக்கும் அத்தகைய பட்டைகள் உண்டு. பட்டையை மட்டும் நோக்குவோன் மயங்குவான். வாலையும் நோக்குவோன் தெளிவான். இரண்டாவது மீனின் வால்மடல் ஒவ்வொன்றிலும் ஒரு கருங்கோடு ஓடும். முதல் மீனுக்கு அஃது இல்லை. நிறத்தை நம்புதலும் தகாது. முட்டைகளைக் காக்கும் காலத்தில் ஆண்மீன் நீலநிறம் பூணும்.

“இத்துணை நுட்பம் எதற்கு?” என வினவுவீர்கள். நம் காவிரியே விடை கூறும். செம்மஞ்சள் துடுப்புடைய கூன்முதுகு மாசீர் மீன், காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்குமே உரியது. வேற்றிடத்து நீலத்துடுப்பு மாசீரின் குஞ்சுகளும் காவிரியில் விடப்பட்டன. இரண்டையும் ‘மாசீர்’ என ஒரே பெயரால் அழைத்தமையால், ஒன்று பெருக மற்றொன்று அருகியதை நெடுங்காலம் பலரும் உணர்ந்திலர். 2018ஆம் ஆண்டிலேதான் கூன்முதுகு மீனின் அறிவியற்பெயர் உறுதியாயிற்று. அற்றுப்போகும் பேரிடரில் உள்ள இனம் என்று அவ்வாண்டே அது பட்டியலிடப்பட்டது.

இனம் அறியாத உயிரை நாம் இழந்தாலும், இழந்தோம் என்பதை அறியோம். ஆதலின் மாணவர்களே, ஆற்றங்கரையில் ஒரு மீனைக் கண்டால், “மீன்” என்று மட்டும் கூறி அகலாதீர்கள். அதன் துடுப்பையும் வாலையும் உற்றுநோக்குங்கள். காத்தலுக்கு முதற்படி அறிதலே.