திரும்பி வந்த பிள்ளைக்குத் திறவாத வகுப்பு

வளைகுடாவில் பயின்று தாயகம் மீளும் பிள்ளைகளை, தமிழ் எழுத வரவில்லை எனக் காட்டி இரண்டு வகுப்புக் கீழே தள்ளுகின்றனர், நம் சமுதாயப் பள்ளிக்கூட நிர்வாகிகள் சிலர். இது அநீதி என்கிறோம்.

பள்ளிக்கூடப் படியே ஏறாத பிள்ளையையும் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்கச் சொல்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அங்ஙனமாயின், ஆண்டுதோறும் தேறி வந்த பிள்ளைக்கு அவ்வுரிமை அதனினும் மிகுதியன்றோ?

சிறுபான்மையோர் பள்ளிக்கூடங்களை அச்சட்டம் கட்டாது என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது மெய்யே. சட்டம் விட்டாலும் மார்க்கம் விடுமோ? அறிவு நாடி வந்த பார்வையற்ற தோழரிடம் முகங்கடுத்தமைக்காக அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கே இறைவன் உணர்த்தியருளிய ‘அபஸ’ அத்தியாயத்தை நாம் ஓதுவது எதற்காக?

குறை தமிழெழுத்தில் எனில், மாலைதோறும் ஒரு மணி நேரம் தமிழ் கற்பியுங்கள், வகுப்பைப் பறிக்காதீர்!