விளக்கை விற்பதா, வேலையை விற்பதா?

கொழும்பு புறக்கோட்டையில் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைகளுக்குச் சென்றவர்கள் அந்தச் சிறிய மேசை விளக்கைக் கண்டிருப்பார்கள். மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான இழைகள் நீரூற்றுப் போல் விரிந்து, நுனிகளில் மட்டும் நிறம் மாறி மாறி மின்னும். பைபர் ஒப்டிக் விளக்கு என்பார்கள். விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அதை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், "இதில் என்ன மிஞ்சப் போகிறது?" என்பதே பதிலாக இருக்கும்.

காரணம் புரியாததல்ல. சீனாவின் யிவு சந்தையில் ஒருவர் வாங்கும் பொருளை அடுத்த மாதம் இன்னொருவரும் வாங்கலாம். பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபா குறைத்தால் நாம் இருபது ரூபா குறைக்கிறோம். கடைசியில் இலாபம் வாடிக்கையாளருக்குமில்லை, நமக்குமில்லை. வியாபாரம் என்றால் வாங்கி விற்பது மட்டும்தான் என்ற எண்ணம் எம்மவரிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த விளக்கை விற்பனைப் பொருளாகப் பார்க்காமல் மூலப்பொருளாகப் பார்க்க வேண்டும் என்பதே எனது கருத்து.

அந்த விளக்கின் அடிப்பாகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு சிறிய எல்.ஈ.டி. குமிழும், அதற்கு மேலே ஒன்றாகக் கட்டப்பட்ட இழைக்கட்டும் இருக்கும். இழைக்குள் நுழையும் ஒளி பக்கங்களால் வெளியேறாமல், உட்சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து மறுநுனிக்குப் போய்ச் சேர்கிறது. இந்தத் துறைக்கு 'ஃபைபர் ஒப்டிக்ஸ்' என்ற பெயரை 1960இல் பரவச் செய்தவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் இழை கண்ணாடியாலானது. இந்த மலிவு விளக்குகளில் பொதுவாக இருப்பது பிளாஸ்டிக் இழை. அதனால்தான் வீட்டு மேசையில் வைத்தே அதைக் கையாள முடிகிறது.

இழைகளை விரித்து, கறுப்பு மை பூசிய பிளைவூட் அல்லது ரெஜிபோம் பலகையில் நுண்ணிய துளைகளிட்டு, பின்புறமிருந்து ஒவ்வொன்றாகக் கோர்த்தால் அது நட்சத்திர வானமாகிவிடும். சிறுவர் அறையின் சுவர், மங்கலான வெளிச்சமுள்ள உணவகம், திருமண மேடையின் பின்திரை, கடையின் பெயர்ப்பலகை, மே மாதத்தில் வெசாக் கூடு என்று இதற்கு இடம் பல உண்டு. பெரிய இயந்திரம் தேவையில்லை. பொறுமையும் நிதானமான கையும் போதும். வீட்டிலிருந்தபடியே உழைக்க விரும்பும் பெண்களுக்கும் ஏற்ற தொழில்.

எனினும் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் நுனி நசுங்கி ஒளி மங்கும். கூரிய பிளேட்டால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். இழையைச் சடுதியாக மடித்தால் அந்த இடத்தில் ஒளி கசியும், இழை முறியவும் கூடும். உடனே ஒட்டும் 'சுப்பர் குளூ' பிளாஸ்டிக் இழையை நொறுங்கச் செய்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையே நல்லது. சூடேறும் பழைய ஹெலஜன் குமிழ்கள் இழைக்கு எதிரி, எல்.ஈ.டி. உள்ளதையே வாங்குங்கள். 230 வோல்ட் மின்சாரத்தைப் பலகைக்குள் கொண்டு செல்லவே வேண்டாம். தரமான அடப்டரோ பற்றரியோ போதும்.

இன்னொன்று. ஒரு சிறு விளக்கால் ஒரு சுவரையே நிரப்ப முடியாது. பளிச்சென்ற வெளிச்சத்தில் இந்த அலங்காரம் கண்ணுக்கே தெரியாது. இதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லி, மாதிரியொன்றை இருட்டிலும் வெளிச்சத்திலும் காட்டிவிட வேண்டும். மறைத்து விற்பவர் ஒரு வேலையோடு பெயரைக் கெடுத்துக் கொள்வார்.

விலை வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விளக்கு 1,000 ரூபா, பலகை, மை, பசை 1,500 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 3,500 ரூபாவுக்கு விற்றுவிட்டு ஆயிரம் ரூபா இலாபம் என்று மகிழ்வோம். இரண்டு நாள் குனிந்திருந்து கோர்த்த கைகளுக்குக் கூலி எங்கே? அதையும் கணக்கில் சேர்த்த பிறகே இலாபத்தைப் பற்றிப் பேச வேண்டும். பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். ஆறு மாதத்துக்குத் திருத்திக் கொடுப்பதாக எழுதிக் கொடுங்கள். யிவுவிலிருந்து வரும் பெட்டியில் இந்த உத்தரவாதம் வராது.

2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் 2022இன் டொலர் நெருக்கடியையும் நாம் மறந்துவிடக்கூடாது. சரக்கு வராதபோது வாங்கி விற்பதை மட்டுமே நம்பியிருந்தவரின் இறாக்கைகள் வெறுமையாகின. கையில் தொழில் இருந்தவரோ பழையதைத் திருத்தியாவது நாளைக் கடத்தினார்.

ஒரேயடியாக நூறு விளக்கு வாங்க வேண்டாம். இரண்டே இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பழகுங்கள், மற்றதில் மாதிரி செய்யுங்கள். அதைப் பார்த்து நாலு பேர் விலை கேட்டால் தொழிலைத் தொடங்குங்கள். எவரும் கேட்காவிட்டால் நட்டம் இரண்டு விளக்கோடு முடிந்துவிடும்; கற்றுக்கொண்ட வேலை உங்களிடமே இருக்கும்.